நரியன் ஓடையில் நின்ற வினைச்சொல்

வாருங்கள். கைவேலையை அப்படியே போட்டுவிட்டு வாருங்கள். உலை வைத்தவர் அடுப்பை அணைத்துவிட்டு வாருங்கள். தறியில் இருப்பவர் நாடாவைக் கீழே வைத்துவிட்டு வாருங்கள். பேருந்துக்காக வெயிலில் நிற்பவரே, நீங்களும்தான்! அந்த வண்டி உங்களுக்காக நிற்கப் போவதில்லை. ஏன் நிற்கப் போவதில்லை என்பதைக் காட்டத்தான் அழைக்கிறேன்.

உசிலம்பட்டியில் ஒரு மனிதரைக் குற்றவாளி என்கிறார்கள். அவர் களவாடவில்லை, குடித்துவிட்டு வண்டி ஓட்டவில்லை, எவரையும் கொல்லவுமில்லை. வண்டி நிறைய மக்களைக் கொல்லக் கிடைத்த அரியதொரு வாய்ப்பை, அலுவல் நேரத்தில், சீருடையில் இருக்கும்போதே அவர் தவறவிட்டார். அதுதான் அவர்மீது சாட்டப்பட்டுள்ள குற்றம்.

தமிழ் அரியணை ஏறிவிட்டது என்று மேடைதோறும் முழங்கினோம். ஆங்கிலத்தில் நம்மை விரட்டிய அலுவலகங்கள் இனித் தமிழில் பேசும் என்று மகிழ்ந்தோம். பேசின. தமிழிலேயே விரட்டின. அந்தக் கதையைக் கேளுங்கள்.

நான்மாடப் பேருந்துக் கழகம் என்று ஒரு நிறுவனம். மதுரையில் தலைமையகம், உசிலம்பட்டியில் ஒரு பணிமனை. அங்கே ஓட்டுநராக இருந்தவர் தவசி. தலைமுறை தலைமுறையாக அடுத்தவர் மாட்டுக்குப் பின்னால் நடந்த குடும்பத்தில், முதன்முதலாக ஒரு வண்டிக்கு முன்னால் உட்கார்ந்தவர். அவருடைய காக்கிச் சட்டையை மனைவி பாண்டியம்மாள் கஞ்சி போட்டுத் தேய்த்து, கோயில் பரிவட்டத்துக்குக்கூடக் கிடைக்காத மரியாதையோடு எடுத்துக் கொடுப்பார். அந்தச் சட்டை போனால் மறுபடியும் மாட்டின் பின்னால்தான் என்பது அவ்வீட்டில் எவரும் சொல்லாமலே எல்லோரும் அறிந்த செய்தி.

ஐப்பசி மாதத்துப் பிற்பகல் ஒன்றில், உசிலம்பட்டிக்கு மேற்கே மலையடிவாரக் கிராமங்களுக்குப் போகும் வண்டியைத் தவசி ஓட்டிச் சென்றார். வழியில் நரியன் ஓடை. அதன்மேல் ஒரு தரைப்பாலம். ஆண்டின் பெரும்பகுதி அந்த ஓடையில் தண்ணீர் நிற்பதில்லை, ஆடுகள்தாம் நிற்கும். அன்று மலையில் பெய்த மழை செம்மண் குழம்பாக இறங்கி, பாலத்தின் ஓரக்கற்களை மூடிவிட்டிருந்தது. தவசி பிரேக்கை மிதித்தார்.

“என்னண்ணே, நிப்பாட்டிட்டீங்க?” என்றார் நடத்துநர் யூனுஸ். மதுரைப் பழைய நகரத்துக்காரர்.

“கல்லு தெரியல தம்பி. பாலம் எங்குட்டுத் தொடங்குது, எங்குட்டு முடியுதுண்டே தெரியல.”

“லேட்டாப் போனா மெமோ குடுப்பாங்கண்ணே.”

“குடுக்கட்டும். நனையாமப் போயி வாங்கிக்கிருவோம்.”

முன் இருக்கையில் தக்காளிக் கூடையோடு இருந்த ஒச்சாயி என்ற வியாபாரி சீறினார். “ஏந் தம்பி, முழங்காத் தண்ணிக்கா இம்புட்டுப் பயம்? பெறகு அந்த மீசைய எதுக்கு வச்சிருக்க? வழிச்சு எங்கிட்டக் குடு, கூடைக்குச் சும்மாடாவாச்சும் ஆகும்.”

“மீச முழுகுனா எனக்கு மட்டுந்தான் நட்டம் அக்கா. வண்டி முழுகுனா ஒங்க தக்காளிக்கும் நட்டம்.”

வண்டிக்குள் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு அடங்குமுன், வெந்த கிழங்கு பிட்டுக்கொள்வதைப் போல, நடுப்பாலம் ஓசையின்றி ஓடைக்குள் இறங்கியது. ஒச்சாயி கூடைக்குள் கைவிட்டு, நல்ல பழமாகப் பொறுக்கித் தவசியின் மடியில் வைத்தார்.

“தின்னு தம்பி. மீசைய இன்னுங் கொஞ்சம் வளத்துக்க.”

பயணிகள் தந்த பரிசு அது. கழகம் தந்த பரிசு அடுத்த நாள் வந்தது. ‘பணியில் இருக்கும் ஓட்டுநர் எவ்விடத்தும் தயங்கலாகாது. தயங்கியோர் பணிநீக்கத்துக்கு உரியர்’ என்பது கழகம் புதிதாகத் தமிழாக்கி வைத்திருந்த விதி. அந்த விதியை மீறியதாக ஐயம் எழுந்திருப்பதால் தவசி தற்காலிகமாகப் பணியிலிருந்து நிறுத்தி வைக்கப்பட்டார்.

விசாரணை அலுவலரின் பெயர் உக்கிரபாண்டி. அந்தப் பெயருக்கும் அவருடைய குரலுக்கும் யாதொரு தொடர்பும் இல்லை. மிக மென்மையாகப் பேசுவார்.

“வண்டியை நிறுத்தினீரா?”

“நிப்பாட்டுனேங்கய்யா.”

“நிறுத்துவதற்கு முன் உம்முடைய மனத்தில் என்ன நிகழ்ந்தது?”

தவசி நேர்மையாக யோசித்தார். “போகலாமா வேணாமாண்டு ஒரு இது இருந்துச்சுங்கய்யா.”

“அந்த ‘இது’வின் பெயர் என்ன?”

“பேரெல்லாம் வைக்கலைங்கய்யா. அதுக்கு நேரமில்ல. பாலம் விழுந்துருச்சு.”

உக்கிரபாண்டி கையை உயர்த்தினார். “பாலம் விழுந்தது வேறு துறையின் அலுவல். அதனை இங்கே கலக்காதீர். நீர் பேருந்தை ஓடைக்குள் விட்டிருந்தால் அது விபத்து. விபத்துக்கென்று எங்களிடம் எல்லாமே ஆயத்தமாக இருக்கின்றன. இரங்கல் அறிக்கை இருக்கிறது. அதிகாரி நேரில் சென்று ஆறுதல் கூறும் முறை இருக்கிறது. நான்கூடக் கறுப்புப் பட்டை ஒன்று வாங்கி வைத்திருக்கிறேன். நிகழாத விபத்தை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வது? யாருக்குப் போய் ஆறுதல் கூறுவது? மேலும், எங்கள் ஆவணப்படி நரியன் ஓடை வறண்ட ஓடை. வறண்ட ஓடையில் தண்ணீரைக் கண்டவர் நீர் ஒருவரே.”

“வண்டி நெறையா ஆளுக பாத்தாகய்யா.”

“அவர்கள் பயணிகள். பயணச்சீட்டு என்பது பயணம் செய்ய உரிமை தருவது. பார்ப்பதற்கு உரிமை தருவதாக அதில் எங்கும் அச்சிடப்படவில்லை.”

இவ்வளவு தெளிவாகச் சிந்திக்கும் உக்கிரபாண்டிக்கும் ஓரிடத்தில் சிக்கல் வந்தது. தவசி செய்தது தயங்கல்தானா? தயங்குதல் என்றால் என்ன? தயங்கினார் என்று எழுதி, நாளை எவரேனும் அது தயக்கமில்லை, தளர்ச்சிதான் என்று வாதாடிவிட்டால்? பேனாவைத் திறந்தார், மூடினார், மறுபடியும் திறந்தார். முடிவில், இவ்வினைச்சொல்லின் பொருளையும் ஆட்சியையும் வரையறுத்துத் தருமாறு திருநகரிலிருந்த சொல்வரம்பு வாரியத்துக்கு எழுதிவிட்டு நிம்மதியாக மதிய உணவுக்குச் சென்றார். பொருள் வந்து சேரும்வரை தவசி பணிமனைக்குள் நுழையக்கூடாது என்று ஆணை.

திருமங்கலம் சாலையில் திருநகருக்குள் நுழைந்தால், எந்த வீட்டின் வாசலில் மைக்செட்டும் சோடாப் பெட்டியும் இறங்குகின்றனவோ அந்த வீடுதான் வாரியம். அரசு விதிகளில் வரும் தமிழ்ச் சொற்களுக்கு ஐயமறப் பொருள் வரையறுப்பதற்காகத் தொடங்கப்பட்டது. தொடங்கிய நாளிலிருந்து ‘தலைவர்’, ‘முன்னிலை’, ‘பயணப்படி’ ஆகிய சொற்களை வரையறுத்து முடித்திருந்தது. அடுத்துத் ‘தயங்கு’ வந்தது.

தவசிக்கு ஓலை வந்தது. அவர் வாரியத்தின் பார்வையில் குற்றவாளியல்லர். ‘வழக்குச் சான்று’ என்று அழைக்கப்பட்டார். ஒரு சொல் மக்களின் வழக்கில் எப்படி நடமாடுகிறது என்பதற்கு உயிருள்ள சான்று.

கூட்டத்துக்குப் போனவர் திகைத்துப் போனார். நடுக்கூடத்தில் ஒரு பலகை. அதில் ‘தயங்கு’ என்று பெரிதாக எழுதி, சந்தனப் பொட்டிட்டு, ரோசாப்பூ மாலை போட்டிருந்தார்கள். இறந்தவருடைய படம் என்று எண்ணிய தவசி செருப்பைக் கழற்றிவிட்டுக் கும்பிட்டார். வரவேற்புரை நடந்தது. வரவேற்றவருக்குப் பொன்னாடை. முன்னிலை உரை நடந்தது. முன்னிலை வகித்தவருக்குப் பொன்னாடை. பொன்னாடை போர்த்தியவரைப் பாராட்டி ஒருவர் பேசினார். அவருக்கும் போர்த்தினார்கள். பிறகு வாரியத் தலைவர், சொற்கடல் வெள்ளைத்துரை, ஒலிபெருக்கியைத் தட்டிப் பார்த்துவிட்டு எழுந்தார்.

“தயங்கு! ஆகா, என்ன சொல்! எத்தகைய சொல்! இதற்கு நிகரான சொல் உலகின் எந்த மொழியிலும் கிடையாது. பிற மொழி எதுவும் எனக்குத் தெரியாது. ஆயினும், கிடையாது என்பதில் எனக்கு எள்ளளவும் ஐயமில்லை. பெருமக்களே! நான் என் வாழ்நாளில் ஒருமுறைகூடத் தயங்கியவன் அல்லன். தலைமைப் பதவி தந்தார்கள், தயங்கினேனா? வீடு தந்தார்கள், தயங்கினேனா? கார் தந்தார்கள், அது பழைய கார் என்று தெரிந்தும் தயங்கினேனா? ஆதலால், இச்சொல்லின்பால் எவ்விதச் சாய்வும் இன்றி ஆராயும் தகுதி எனக்கே உண்டு.”

கைதட்டல் ஓய்ந்ததும் ஆய்வு தொடங்கியது. தயக்கம் மனத்தில் நிகழ்வது என்றது ஓர் அணி. காலில் நிகழ்வது என்றது மற்றோர் அணி. நாவில்தான் முதலில் தோன்றும், கடன் கேட்கப் போகிறவனைக் கவனித்துப் பாருங்கள் என்றது மூன்றாம் அணி. வலிமை குன்றுவது தளர்தல், வலிமை இருந்தும் நிற்பது தயங்குதல் என்று ஒரு முதியவர் பொருத்தமாகச் சொன்னார். அவர் உறுப்பினர் அல்லர், சோடா கொண்டுவந்தவரின் மாமனார் என்று தெரிந்ததால் அக்கருத்து குறிப்பிலிருந்து நீக்கப்பட்டது. பழைய ஆட்சியில் இச்சொல்லுக்கு ஒளிவிடுதல் என்றும் பொருள் உண்டு என்று ஒரு புலவர் எடுத்துக் காட்டினார். அப்படியானால் இந்த ஓட்டுநர் ஓடைக்கரையில் ஒளிவிட்டாரா என்பதைக் கண்டறியத் தனியாக ஒரு துணைக்குழு அமைக்கப்பட்டது.

“வாதம் போதும். சான்றை ஆராய்வோம்” என்றார் வெள்ளைத்துரை. “தவசி அவர்களே, இந்த நாற்காலியில் அமருங்கள்.”

தவசி நாற்காலியைப் பார்த்தார். பொன்னாடைகளைப் பார்த்தார். தோளில் கிடந்த துண்டு தானாகவே கைக்கு வந்தது.

“இருக்கட்டுங்கய்யா. நிக்கிறேன்.”

“தயங்குகிறார்!” என்று கூவினார் வெள்ளைத்துரை. “கண்ணால் காணுங்கள்! குறித்துக் கொள்ளுங்கள்!”

காப்பி வந்தது. வெள்ளி டம்ளரில் கொடுத்தார்கள். தவசி வாங்குவதா வேண்டாமா என்று கையை நீட்டி மடக்கினார். மறுபடியும் கரவொலி. “நீங்கள் எந்த ஊர், எந்தத் தெரு?” என்று ஓர் உறுப்பினர் கேட்டார். தவசியின் நாக்கு ஒட்டிக்கொண்டது. நாவணி எழுந்து நின்று வெற்றி முழக்கமிட்டது.

எண்ணிப் பாருங்கள். நாற்காலிக்கு முன் தயங்கு என்று இவருடைய பாட்டனுக்குக் கற்பித்தவர் யார்? வாசற்படியில் தயங்கு, கிணற்றடியில் தயங்கு, கேள்வி கேட்கத் தயங்கு, கூலி கேட்கத் தயங்கு என்று அடித்து அடித்துப் பயிற்றியவர் யார்? அங்கெல்லாம் தயங்காதவனைத் திமிர் பிடித்தவன் என்றார்கள். அந்தத் தயக்கத்தையெல்லாம் பண்பாடு என்று பாராட்டியவர்கள், உயிர்களைக் காக்க ஓடைமுன் நின்ற ஒரே ஒரு தயக்கத்துக்கு மட்டும் விதி எழுதினார்கள்!

நன்றியுரையோடு கூட்டம் முடிந்தது. பொருள் மட்டும் அடுத்த கூட்டத்துக்கு ஒத்திவைக்கப்பட்டது.

தவசிக்கு இருப்புக் கொள்ளவில்லை. காலையில் எழுந்ததும் கால்கள் பேருந்து நிலையத்துக்குப் போகும். அங்கே நிற்கப் பிடிக்காமல் சந்தைப் பக்கம் போகும். திரும்பி வீட்டுக்கு வந்தால் வலது கால் தரையில் இல்லாத பிரேக்கை மிதித்துக்கொண்டிருக்கும்.

“எம்புட்டு நாளைக்கி இப்பிடிக் கட்டுத்தறி மாடாட்டம் சுத்திச் சுத்தி வருவீக?” என்றார் பாண்டியம்மாள். “அந்த வார்த்தைக்கு என்ன அர்த்தம்ண்டு நானே போயிச் சொல்லிட்டு வாரேன்.”

“ஒனக்குத் தெரியுமாக்கும்?”

“ஏந் தெரியாது? இவரக் கட்டிக்கிறயாண்டு எங்கய்யா ஒங்களக் காட்டுனப்ப நான் என்ன செஞ்சேனாம்?”

தவசி அன்றைக்கு மட்டும் சிரித்தார்.

இதற்கிடையே அச்சம் பணிமனைக்குள் புகுந்து மற்ற ஓட்டுநர்களின் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டது. நின்றால்தானே தயங்கினாய் என்பார்கள்? ஆகவே அவர்கள் நிற்பதையே கைவிட்டார்கள். ஆட்டு மந்தைக்கு நிற்கவில்லை, சாமி ஊர்வலத்துக்கு நிற்கவில்லை. ஒரு கல்யாண ஊர்வலத்தின் நடுவே புகுந்த வண்டி, மாப்பிள்ளை வீட்டாரை ஒரு பக்கமாகவும் பெண் வீட்டாரை மறுபக்கமாகவும் பிரித்துவிட்டுப் போனது. அவர்கள் மறுபடியும் சேரவேயில்லை என்று சொல்கிறார்கள். நிறுத்தத்தில் வண்டி மெதுவாக உருளும். மக்கள் ஓடிக்கொண்டே ஏறி, ஓடிக்கொண்டே இறங்கக் கற்றுக்கொண்டார்கள். ஒச்சாயியின் கூடை ஏறிவிட்டது, ஒச்சாயியால் ஏற முடியவில்லை. தக்காளி மட்டும் தனியாக மதுரைக்குப் போய் வந்தது.

கழகம் பூரித்தது. ‘தயக்கமின்மை வாரம்’ கொண்டாடியது. எந்த நிறுத்தத்திலும் நிற்காமல் ஓடிய வண்டிக்குக் கேடயம் வழங்கிய உக்கிரபாண்டி, “முன்பெல்லாம் பயணிகள் ஏறி இறங்குவதிலேயே நம் வண்டிகளின் பெரும்பொழுது வீணாயிற்று. இன்று அந்த இடையூறு பெரிதும் நீங்கியுள்ளது” என்று பெருமிதத்தோடு கூறினார்.

கார்த்திகை பிறந்தது. வினைச்சொல் என்பது செயலைக் குறிப்பது, செயலை அது நிகழ்ந்த இடத்திலேயே காண வேண்டும் என்று வாரியம் கண்டுபிடித்தது. நரியன் ஓடைக்குக் கள ஆய்வு ஏற்பாடாயிற்று. அதே வண்டி, அதே ஓட்டுநர், அதே நடத்துநர். பயணிகளின் சார்பில் ஒச்சாயி. எஞ்சிய இருக்கைகளில் வாரியமும் கழகமும். வண்டியின் நெற்றியில் ‘வினைச்சொல்லைத் தேடி’ என்று துணிப்பதாகை. உள்ளே ஒலிபெருக்கி. தவசிக்கு எழுத்து மூலம் ஆணை: ‘அன்று நிகழ்ந்த யாவற்றையும் அவ்வாறே மீண்டும் நிகழ்த்துக. ஆயின் இம்முறை விதியை மீறலாகாது.’

தவசி அதை யூனுசிடம் காட்டினார். “தம்பி, இதுல நிக்கச் சொல்றாகளா, போகச் சொல்றாகளா?”

யூனுஸ் படித்தார். திருப்பிப் படித்தார். “அண்ணே, அல்லா மேல ஆணையாச் சொல்றேன், இத எழுதுனவருக்கே தெரியாது.”

மலைமேல் மேகம் கறுத்திருந்தது. இடிந்த நடுப்பாலத்தில் செம்மண்ணைக் கொட்டி மட்டப்படுத்தி வைத்திருந்தார்கள். வண்டி ஓடையை நெருங்கியபோது தண்ணீர் மண்ணைத் தாண்டி, மீண்டும் ஓரக்கற்களை மூடிக்கொண்டிருந்தது. தவசி கரையில் வண்டியை நிறுத்தித் திரும்பினார்.

“அய்யா, அன்னைக்கி இந்த எடத்துலதான் நின்னேன். இன்னைக்கி நிக்கவா, போகவா?”

உக்கிரபாண்டி சன்னலை மூடிக்கொண்டார். “வாரியம்தான் கூற வேண்டும்.”

வெள்ளைத்துரை தொண்டையைச் செருமினார். “நில் என்றால், நின்றது சரி என்று முன்கூட்டியே தீர்ப்பளித்ததாகும். போ என்றால்...” சன்னல் வழியாக ஓடையை ஒருமுறை பார்த்தார். “போ என்பதில் வேறு சில நுட்பங்கள் உள்ளன. ஆதலால் இதுகுறித்து இங்கேயே கூட்டம் கூட்டுவோம்.”

வரவேற்புரை தொடங்கியது. பொன்னாடை எடுத்துவரச் சொன்னார்கள். ஓடை முன்சக்கரத்தைத் தொட்டது.

“ஏய்யா, தண்ணி டயருக்கு வந்துருச்சு” என்றார் ஒச்சாயி. “ஒங்க கூட்டத்த அயிரை மீனுக்கா நடத்தப் போறீக?”

“பயணிகள் குறுக்கிடலாகாது.”

“குறுக்கிடல சாமி. குளிக்கிறதுக்கு மாத்துச்சேல கொண்டாரலையேண்டு பாக்குறேன்.”

தவசி இருக்கையிலிருந்து எழுந்தார். “அக்கா, நீங்க எறங்கி மேட்டுல ஏறிக்கங்க. தம்பி யூனுசு, நீயும் எறங்கு.”

“நீங்கண்ணே?”

“நா டிரைவரு. எனக்கு ஆர்டர் இருக்கு.”

அவர்கள் இறங்கி மேட்டில் ஏறும்வரை பார்த்திருந்தார். பிறகு உட்கார்ந்து, கதவைச் சாத்திக்கொண்டு, மிகுந்த மரியாதையோடு சொன்னார்: “அய்யாமாரே, கம்பிய நல்லாப் பிடிச்சுக்கங்க. தயங்கக் கூடாதுண்டு விதி. இந்தா வண்டி போகுது.”

கியர் விழுந்தது. வண்டி தண்ணீரை நோக்கி ஒரு முழம் நகர்ந்தது.

அந்த ஒரு முழத்தில் வாரியத்தின் வரலாறே மாறிவிட்டது. முன்மொழிவார் இல்லை, வழிமொழிவார் இல்லை, நன்றியுரை இல்லை. தொடங்கிய நாள்முதல் முதன்முறையாக, ஒரே குரலில் ஒரு தீர்மானம் நிறைவேறியது: “நிறுத்து!”

தவசி நிறுத்துவதற்குள் அவசர வழி திறந்துவிட்டது. சொற்கடல் வெள்ளைத்துரை சேற்றை நோக்கிக் குதித்தார். அவருடைய பொன்னாடை கம்பியில் மாட்டிக்கொள்ள, கழுத்து ஒருபுறமும் உடல் ஒருபுறமுமாகச் சிறிது நேரம் ஊசலாடிப் பின் விழுந்தார். ஒளிவிடுதல் துணைக்குழு சன்னல் வழியே வெளியேறியது. உக்கிரபாண்டி கருவேல முள்ளில் அமர்ந்து, தம் பெயருக்குரிய குரலை வாழ்நாளில் முதன்முறையாக எழுப்பினார். எல்லோரும் இறங்கிய பின் தவசி வண்டியைப் பின்னெடுத்து மேட்டில் நிறுத்தினார். கொட்டிய மண் கரைந்து போவதை அனைவரும் கண்டார்கள். ஆவணத்தில் மட்டும் ஓடை இன்றளவும் வறண்டே கிடக்கிறது.

ஒச்சாயி இடுப்பில் கைவைத்து, சேறு வழிய நின்ற தலைவரைப் பார்த்தார். “என்னய்யா, அர்த்தம் கெடச்சிருச்சா?”

கிடைத்துவிட்டது. வாரக்கணக்கில் கிடைக்காத பொருள் மறுநாளே கிடைத்துவிட்டது. வாரியம் வரையறுத்து அனுப்பியது இது: ‘உயர் அலுவலர் ஓடையைக் கண்டு விலகுவது முன்னுணர் விலகல் எனப்படும், இது நிர்வாகத் திறனின்பாற் படும். ஓட்டுநர் ஓடையைக் கண்டு நிற்பது தயங்குதல் எனப்படும். இது குற்றத்தின்பாற் படும்.’ ஒரே ஓடை. ஒரே தண்ணீர். அதனைக் கண்டு பின்வாங்கிய கால்களில் மட்டும் உயர்ந்தவை வேறு, தாழ்ந்தவை வேறு!

தவசியின் மீது இப்போது இரண்டு குற்றங்கள். பொதுமக்களை ஏற்றிச் சென்றபோது தயங்கினார் என்பது முதற்குற்றம். அலுவலர்களை ஏற்றிச் சென்றபோது தயங்கவில்லை என்பது இரண்டாம் குற்றம். இரண்டுக்கும் ஒரே தண்டனை, பணிநீக்கம். ஆனால் கழகம் கருணையுடையது. ‘இனி எவ்விடத்தும், எந்நிலையிலும் தயங்க மாட்டேன்’ என்ற உறுதிமொழித் தாளில் ஒப்பமிட்டால், மன்னித்து மீண்டும் வண்டி தரப்படும் என்று அறிவித்தது.

தவசி தாளை வீட்டுக்குக் கொண்டுவந்தார். பாண்டியம்மாள் காக்கிச் சட்டையை எடுத்து உதறிப் பார்த்தார். வாங்கி வைத்திருந்த கஞ்சிப் பசையைக் கரைக்கவும் தொடங்கினார்.

“போட்டுக் குடுத்துருங்க. தாளுலதான போடுறீக? மழ வந்தா எப்பவும் போல நிப்பாட்டிக்கங்க. ஓடைக்குள்ள வந்தா பாக்கப் போறாக?”

தவசி வாசலுக்கும் அடுப்படிக்குமாக நடந்தார். மறுபடியும் நடந்தார். பிறகு நின்றார்.

“போட்டுட்டு நிப்பாட்டுனா பொய்யி. போட்டுட்டு நிப்பாட்டாட்டிக் கொல. இதுல எதச் செய்யச் சொல்ற?”

பாண்டியம்மாள் கஞ்சியைக் கலக்கிய கையை நிறுத்தினார். “அப்ப மாட்ட மேச்சுக்குவோம்” என்றார். “அதுகளாச்சும் தண்ணியக் கண்டா நிக்கும்.”

தவசி பணிமனைக்குப் போனார். தாளை உக்கிரபாண்டியின் மேசைமேல் வெறுமையாகவே வைத்தார். உக்கிரபாண்டி முள் தைத்த இடம் நோகாதபடி ஒருக்களித்து அமர்ந்திருந்தார். அவர் முகம் மலர்ந்தது.

“ஆக, ஒப்பமிடவும் தயங்குகிறீர்!”

“இல்லைங்கய்யா,” என்றார் தவசி. அவர் அப்போது நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்திருந்தார். “தயங்கவே இல்ல. மாட்டேங்குறேன்.”

இது நடந்தது வெள்ளிக்கிழமை. பணிநீக்க ஆணை அன்று மாலையே தவசியின் வீட்டுக்குச் சென்றுவிட்டது. வரும் திங்கட்கிழமை விடியும்போது, உசிலம்பட்டிப் பணிமனை வாசலில் ஒரு மேசை போடப்படும். வண்டி எடுக்க வருகிற ஒவ்வோர் ஓட்டுநரும் அதே உறுதிமொழியில் ஒப்பமிட்ட பின்னரே சாவியைப் பெற வேண்டும். அவர்களுக்கும் மனைவி உண்டு, மக்கள் உண்டு, கஞ்சி போட்ட ஒரே ஒரு காக்கிச் சட்டை உண்டு. தனியாக விட்டால் போட்டுவிடுவார்கள். அவர்களைக் குறை சொல்ல நமக்கு உரிமை இல்லை. அவர்கள் ஓட்டும் வண்டியில் உட்கார்ந்திருப்பவர்கள் நாம்!

ஆகவே கேட்கிறேன். கேட்டுவிட்டுக் கலைந்து போவதற்காகவா உங்களை அழைத்தேன்? உங்கள் பிள்ளை பள்ளிக்குப் போவது அந்த வண்டியில். உங்கள் மகள் பிரசவத்துக்குத் தாய்வீடு வருவது அந்த வண்டியில். ஓடைகளுக்கு மேல் மேகம் இன்னும் கலையவில்லை. திங்கட்கிழமை, முதல் வண்டி புறப்படும் முன் பணிமனை வாசலுக்கு வாருங்கள். கல்லோடு வராதீர்கள். கொடிகூட வேண்டாம், குடும்பத்தோடு வாருங்கள். மேசைக்கும் ஓட்டுநருக்கும் நடுவில் நில்லுங்கள். அந்தத் தாளை நீங்கள் வாங்குங்கள். அலுவலரின் முகத்தை நேராகப் பார்த்து, எங்கள் உயிரை வைத்து இவர்களிடம் ஒப்பம் வாங்க உமக்கு உரிமை தந்தது யார் என்று கேளுங்கள். தவசிக்கு வண்டி கிடைக்கும்வரை எந்த வண்டியிலும் ஏறாதீர்கள்.

வாருங்கள்!